சிரிப்புக்குப் பூட்டு எதற்கு?

மலருக்கு இலக்கியக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று சங்கத்து அன்பர் கேட்டபோது, படக்கதையைப் பற்றி எழுதித் தருகிறேன் என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "சார், சிலம்பு, கம்பன், பாரதி என்று எத்தனையோ இருக்கின்றனவே" என்று இழுத்தார். அவருடைய தயக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. யானோ நடுவண் அரசு அலுவலகம் ஒன்றில் கோப்புகளுக்குக் குறிப்பெழுதிக் காலந்தள்ளும் எழுத்தன். கல்லூரியில் வரலாறு படித்துப் பி.ஏ. பட்டம் பெற்றதோடு ஏட்டுக் கல்வி முற்றிற்று. இலக்கியப் பந்தியில் இலை போடத் தகுதி உண்டா என்பதே ஐயம். அத்தகையவன் காமிக்ஸையும் கையில் எடுத்துக்கொண்டு வந்தால் யார்தாம் தயங்கார்?

ஆயினும் ஒரு வழக்கு இருக்கிறது. அதை இங்கே தொடுத்தே ஆக வேண்டும். எதிர்வழக்காடுவோர் இரு திறத்தார். படக்கதை இலக்கியமன்று எனக் கூறிப் புறக்கடையில் தள்ளிய கற்றறிந்தோர் ஒரு திறத்தார். அதே படக்கதையைப் பொக்கிஷம் என்று சொல்லிப் பிளாஸ்டிக் உறையிலிட்டுப் பூட்டி வைத்திருக்கும் சேகரிப்பாளர் மற்றொரு திறத்தார். முன்னவர் மீது எனக்கு வருத்தம் உண்டு. பின்னவர் மீது சினமே உண்டு.

சினத்தின் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பத்து வயதில் மகள் ஒருத்தி இருக்கிறாள். இந்நகரத்துப் பிள்ளைகள் அனைவரையும் போல ஆங்கிலமும் தெலுங்கும் இந்தியும் பள்ளியிலே பயில்கிறாள். தெலங்கானாவில் பள்ளிகள் யாவற்றிலும் தெலுங்கு கற்பிக்கப்படல் வேண்டும் என்று 2018-ஆம் ஆண்டு சட்டம் வந்தது. அதில் குறை காண மாட்டேன். எந்த மண்ணின் சோற்றை உண்கிறோமோ அந்த மண்ணின் மொழியை அறிதல் முறைமையே. ஆனால் தமிழுக்கு வீட்டைத் தவிர வேறு பள்ளி இல்லை என்ற நிலைமை எஞ்சுகிறது. என் மகள் தமிழ் பேசுவாள், படிக்க மாட்டாள். அரிச்சுவடி வாங்கிக் கொடுத்தேன். அணில், ஆடு, இலை என்பதோடு நின்றுபோயிற்று. ஆத்திசூடி கற்பித்தேன், கிளிப்பிள்ளை போல் ஒப்பித்தாள், எழுத்தைக் காட்டினால் விழித்தாள். அலுவலகம் விட்டு வந்து, களைப்போடு குரலை உயர்த்திக் கற்பித்த தமிழ் அவளுக்குக் கசந்ததில் வியப்பில்லை.

ஊரிலிருந்து வந்த பழைய டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு புத்தகம் கிடந்தது. அட்டை இல்லை; முதற்பக்கமும் இல்லை. சிவகாசியிலிருந்து வெளிவந்த லயன் காமிக்ஸின் 'சூப்பர் சர்க்கஸ்' அது. லக்கி லூக் தோன்றும் கதை. எண்பதுகளின் பிற்பகுதியில் சில ரூபாய்க்கு நான் வாங்கியது. மகள் படத்தைப் பார்த்தாள். குதிரை பேசுவது போல ஒரு கட்டம். "குதிரை என்னப்பா சொல்லுது?" என்று கேட்டாள். வேறு வேலையாக இருந்தேன். "நீயே படித்துப் பார், அம்மா" என்று சொல்லிவிட்டேன். அரை மணி நேரம் கழித்து உள்ளறையிலிருந்து சிரிப்பொலி கேட்டது. எழுத்துக் கூட்டிக் கூட்டி ஒரு பக்கத்தைக் கடந்திருந்தாள். ஔவையாரும் அரிச்சுவடியும் யானும் ஈராண்டு முயன்றும் ஆகாத காரியத்தை ஒரு குதிரை அரை மணியில் செய்து முடித்தது. ஔவையார் மன்னிப்பார், அவர் குழந்தைகளை அறிந்தவர்.

அந்தப் புத்தகம் முடிந்ததும் அடுத்தது வேண்டும் என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அபிட்ஸ் நடைபாதையில் விரியும் பழைய புத்தகச் சந்தைக்கு அவளை அழைத்துச் சென்றேன். தெலுங்கு உண்டு, உருது உண்டு, ஆங்கிலம் மலை போல் உண்டு. தமிழ்ப் படக்கதை இல்லை. கோட்டியிலுள்ள பழைய புத்தகக் கடைகளையும் துழாவினோம். (நெல்லைச் சீமையிலிருந்து முதன்முதல் வந்த என் தாயார் இக்கடைவீதியின் பெயரைக் கேட்டுப் பெருஞ்சிரிப்புச் சிரித்தார். அங்கே கோட்டி என்றால் பைத்தியம் அல்லவா? வெயிலில் காமிக்ஸ் தேடி அலைந்த எங்களுக்கு அப்பெயர் பொருந்தியே இருந்தது.) அப்போது நண்பர் ஒருவர், இந்நகரிலேயே தமிழர் ஒருவரிடம் நூற்றுக்கணக்கான பழைய தமிழ்க் காமிக்ஸுகள் இருப்பதாகக் கூறி அவரிடம் அனுப்பினார்.

அன்னார் இன்முகத்தோடு வரவேற்றார், காப்பி தந்தார். ஒரு சுவர் நிறைய அலமாரி. ஒவ்வொரு புத்தகமும் தனித்தனி உறையில், பின்னால் அட்டை கொடுத்து, வாய் ஒட்டப்பட்டு நின்றது. மகளின் விரல் ஒன்றை நோக்கி நீண்டது. "பாப்பா, தொடாதேம்மா" என்றவர் என்னை நோக்கி, "உறையைப் பிரித்தால் மதிப்பு இறங்கிவிடும், சார். மடிப்பு விழாத அட்டை இது, நாளைக்கே ஆயிரக்கணக்கில் கேட்க ஆள் இருக்கிறது" என்றார். வீட்டிலேயே அமர்ந்து படித்துவிட்டுத் தருகிறோம் என்றேன். புன்னகை செய்தார், உறை பிரியவில்லை. இறங்கி வரும்போது மாடிப்படியில் மகள் கேட்டாள்: "அவரும் படிக்க மாட்டாராப்பா?"

அக்கேள்விக்கு இன்றுவரை என்னால் விடை கூற இயலவில்லை. அதனால்தான் இக்கட்டுரை.

முதலில், பூட்டப்பட்ட பொருள் எத்தகையது என்பதைக் கற்றறிந்தோர் அறிதல் வேண்டும். 1972 சனவரியில் 'இரும்புக்கை மாயாவி'யோடு முத்து காமிக்ஸ் சிவகாசியில் தொடங்கிற்று. 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது. மாயாவிகளும் துப்பறிவாளர்களும் நிறைந்த அவ்வுலகத்தில் லக்கி லூக் தனிப்பிறவி. பெல்ஜிய நாட்டு ஓவியர் மோரிஸ் 1946இல் படைத்த குதிரை வீரன் அவன். 1955 முதல் 1977இல் தாம் மறையும் வரை அவனுக்குக் கதை எழுதியவர் ரெனே கோசினி. ஆஸ்டெரிக்ஸைப் படைத்த இருவருள் ஒருவர். இக்கதைகளை வெறும் கோமாளிக் கூத்து என்று எண்ணுவோர் அவற்றைப் படித்தவரல்லர். வரலாறு பயின்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: இவை சரித்திரத்தைச் சரியாகக் கற்ற பின், அதைத் தலைகீழாக நிறுத்திச் சிரித்தவை.

டால்டன் சகோதரர்களை எடுத்துக்கொள்வோம். அவர்கள் உண்மையாகவே வாழ்ந்த கொள்ளையர். 1892 அக்டோபர் 5 அன்று கான்சாஸ் மாநிலத்துக் காஃபிவில் என்னும் ஊரில் இரண்டு வங்கிகளை ஒரே வேளையில் கொள்ளையிட முயன்றனர். ஊரார் துப்பாக்கி ஏந்தினர். கும்பலில் நால்வர் மாண்டனர். மாண்டோருள் டால்டன்கள் இருவர். மூன்றாமவரான எம்மெட் குண்டடிபட்டுப் பிழைத்தார். மோரிஸ் இக்கூட்டத்தைத் தம் கதைக்குள் கொண்டு வந்து நான்கு சகோதரர்களையும் சாகடித்துவிட்டார். பின்னரே கை நழுவிப் போன பொருளின் அருமை தெரிந்தது. என் செய்வது? செத்தவரை எழுப்புதல் சரித்திரத்துக்கு இழுக்கு. கோசினி வழி கண்டார். இறந்தவர்களுக்கு ஒன்றுவிட்ட சகோதரர் நால்வர் உண்டு. பெரும் புகழ் பெற்ற உறவினருக்கு ஈடாக வேண்டும் என்று துடிக்கும், ஆனால் ஒன்றும் உருப்படியாகச் செய்யத் தெரியாத நால்வர்! படிக்கட்டுப் போல் உயரம் ஏறும் நால்வரில், குள்ளனான ஜோவுக்குக் கோபம் மிகுதி. நெட்டையனான ஆவரெலுக்குப் பசி மிகுதி. சரித்திரத்தின் கொலைஞர் இவ்வாறு உலகக் குழந்தைகளின் நகைப்புக்குரியவராயினர். கொள்ளையனை வீரனாக்கிப் பாடுவதே உலக வழக்கமாயிருக்க, அவனை அசடனாக்கிக் காட்டுதல் எத்துணைப் பெரிய அறம்!

பிரெஞ்சு மூலத்தில் 1977இல் வந்த மற்றொரு கதையில் அமெரிக்கக் கண்டத்தின் குறுக்கே தந்திக்கம்பி இழுக்கிறார்கள். கிழக்கிலிருந்து ஒரு கூட்டமும் மேற்கிலிருந்து ஒரு கூட்டமுமாகச் சால்ட் லேக் நகரை நோக்கிப் போட்டியிட்டு வருகின்றன. 1861 அக்டோபர் 24 அன்று அக்கம்பி உண்மையாகவே இணைந்தது. இணைந்த சின்னாட்களில், குதிரைமேல் அஞ்சல் சுமந்து பறந்த 'போனி எக்ஸ்பிரஸ்' முடிவுக்கு வந்தது. என் தந்தையார் தந்தி அலுவலக ஊழியர். 2013 சூலையில் நம் நாட்டில் தந்திச் சேவை நிறுத்தப்பட்ட இரவு அவர் வெகுநேரம் உறங்கவில்லை. குதிரைக்காரன் பிழைப்பைத் தந்தி பறித்ததையும், தந்தியின் பிழைப்பைக் கைப்பேசி பறித்ததையும் அவருக்கு அக்கதையை வைத்துத்தான் எடுத்துச் சொன்னேன். கேட்டவர், "அந்தக் குதிரைக்காரனுக்கு ஓய்வூதியம் உண்டா?" என்று வினவினார். அரசு ஊழியர் குடும்பம் எங்களுடையது.

இக்கதைகளில் குறையே இல்லை என்று வாதிட வரவில்லை. செவ்விந்தியரையும் சீனரையும் கறுப்பினத்தாரையும் பழைய ஏடுகளில் வரைந்திருக்கும் முறை இன்று கண்ணை உறுத்துகிறது. 2020இல் வந்த புதுக்கதையொன்றில் பாஸ் ரீவ்ஸ் என்னும் கறுப்பினக் காவல் அதிகாரியை லக்கி லூக்குக்குத் துணையாக்கிப் பின்வந்தோர் கடன் தீர்க்க முயன்றனர். வாயில் எப்போதும் புகைந்த சிகரெட்டை எடுத்துவிட்டு 1983இல் ஒரு புல்லைச் செருகியதற்காக உலக சுகாதார நிறுவனம் மோரிஸைப் பாராட்டியதும் உண்டு. பெற்றோர் பக்கத்தில் அமர்ந்து சொல்லிக் கொடுக்க வேண்டிய இடங்கள் இவை. புத்தகம் பெட்டியை விட்டு வெளியே வந்தால்தானே பக்கத்தில் அமர்வது?

இனிச் சேகரிப்பாளரிடம் வருவோம். இந்நோய் நம்மவர் கண்டுபிடித்ததன்று. 1938இல் பத்து சென்ட் விலைக்கு வந்த 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதலிதழின் பிரதி ஒன்று 2024 ஏப்ரலில் அறுபது இலட்சம் டாலருக்கு, நம் கணக்கில் ஏறக்குறைய 50 கோடி ரூபாய்க்கு, ஏலம் போயிற்று. அந்நாட்டில் காமிக்ஸ் ஏட்டுக்குத் தேர்வு மதிப்பெண் போலத் தரம் இட்டு, கெட்டியான பிளாஸ்டிக் பேழைக்குள் நிரந்தரமாக அடைத்துத் தரும் நிறுவனமே 2000-ஆம் ஆண்டு முதல் நடக்கிறது. பேழையை உடைத்தால் மதிப்பெண் போயிற்று. ஆகவே வாங்குவோனும் படியான், விற்போனும் படியான், அடுத்து வாங்குவோனும் படியான். புத்தகத்தைப் புத்தகமாக வைத்திருக்கும் ஒரே செயல் படிப்பு. அதைத் தவிர மற்ற அனைத்தும் அதற்குச் செய்யப்படுகின்றன. பங்குச் சந்தையில் பணம் போடுவோனுக்கு இதைவிட நாணயம் உண்டு. அவன் தன்னை வாசகன் என்று சொல்லிக்கொள்வதில்லை.

மேனாட்டில் மூல ஏடு பூட்டப்பட்டாலும் அக்கதை நூறு பதிப்புகளில் நூலகந்தோறும் கிடைக்கிறது. நம் நிலை அதுவோ? 2012 முதல் சிவகாசிப் பதிப்பகத்தார் வழவழப்பான தாளில் வண்ணப் பதிப்புகளைக் கொண்டு வருகிறார்கள், பாராட்டுக்குரிய பணி. யானும் சந்தா செலுத்துகிறேன். ஆனால் பழைய கதைகளுள் மறுபதிப்புக் காணாதவை பல. புதிய பதிப்புகளைக்கூடப் படிப்பதற்கொன்று, உறையிலிட்டு வைப்பதற்கொன்று என இரண்டிரண்டாக வாங்குவோர் இருக்கிறார்கள். இரண்டாவது பிரதி, எங்கோ எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளையின் பங்கு என்பதை அவர்கள் நினைப்பதில்லை.

இவ்வேடுகள் பிறந்த காலத்தில் எவ்வாறு வாழ்ந்தன என்பது என் வயதினருக்கு நினைவிருக்கும். ஒரு புத்தகத்தைத் தெருப் பையன்கள் பத்துப் பேர் படிப்போம். வாடகை நூல் நிலையத்தில் ஒரு நாளைக்கு இவ்வளவு காசு என்று எடுத்து, அன்றிரவே முடித்து, மறுநாள் காலை தோழனிடம் மாற்றிக்கொள்வோம். மளிகைக் கடை எண்ணெய்க் கறையும், மாங்காய்ச் சாறும், யாரோ ஒருவன் பேனாவால் வில்லனுக்கு வைத்த மீசையும் பக்கங்களில் இருக்கும். அக்கறைகளெல்லாம் இன்று 'குறைபாடு' எனக் கணக்கிடப்பட்டு விலை குறைக்கப்படுகின்றன. யாரும் தொடாத பிரதியே உயர்ந்த பிரதியாம்! பரிமாறப்படாத பந்தியே சிறந்த பந்தி என்பது போலும் இது.

சேகரிப்பாளர் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. அதை மறைத்தல் வழக்குக்கு அழகன்று. நாமெல்லாம் வீடு மாறும்போது எடைக்குப் போட்ட ஏடுகளை அவர்கள் காத்தார்கள். மட்டமான செய்தித்தாள் காகிதம் முப்பது ஆண்டில் பழுத்து, நாற்பது ஆண்டில் அப்பளம் போல் நொறுங்கும். கரையானும் ஈரமும் காத்திருக்கின்றன. அவர்கள் இல்லையேல் இன்று வாதாடப் பொருளே இருந்திராது. ஒப்புக்கொள்கிறேன். அவ்வாறு காக்க வேண்டிய அவசியம் தனியாருக்கு நேர்ந்ததேன்? அதற்குப் பொறுப்பு முதலில் சொன்ன கற்றறிந்தோர். 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இந்நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட வேறு மூன்று பொது நூலகங்களுக்கும், வெளியான முப்பது நாளுக்குள் சேர்க்கப்படல் வேண்டும். தவறினால் தண்டம் ஐம்பது ரூபாய் வரை. நூலின் விலையும் சேரும். ஐம்பது ரூபாய்! விதி இருந்தும் பயனில்லாத இடங்களை நாள்தோறும் பார்க்கும் குமாஸ்தாவான எனக்கே இது வியப்பளிக்கிறது. அச்சட்டத்தைக் காட்டிப் படக்கதைக்கும் ஓர் இடம் கொடுங்கள் என்று கேட்க வேண்டியவர்கள் தமிழறிஞர்கள். குழந்தை படிக்கும் நூலை நூலெனக் கருதாத அவர்கள் கேட்கவில்லை.

எனினும், காத்தவர்க்கெல்லாம் பூட்டும் உரிமை வந்துவிடுமோ? கோட்டையூர் ரோஜா முத்தையாவை நினைப்போம். விளம்பரப் பலகை எழுதும் ஓவியராயிருந்த அவர், பிறர் குப்பை என ஒதுக்கிய பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், பழைய இதழ் என அனைத்தையும் வாழ்நாளெல்லாம் திரட்டினார். 1992இல் அவர் மறைந்த பின் சிக்காகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கிற்று. 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. இன்று யாரும் சென்று கேட்டுப் படிக்கலாம். அவரும் சேகரிப்பாளரே. அவர் சேர்த்தது தமிழுக்குச் சேர்ந்தது. உறைக்குள் உறங்குவது உரியவரின் வாரிசுகள் பழைய தாள் கடைக்காரனைத் தேடும் நாள் வரை உறங்கும். 'படியெடுத்தால் பதிப்புரிமை குறுக்கே நிற்குமே' என்று சிலர் கேட்பர். வணிக நோக்கமற்ற பொது நூலகம், இந்தியாவில் விலைக்குக் கிடைக்காத நூலுக்குத் தன் பயன்பாட்டுக்காக மூன்று பிரதிகள் வரை எடுத்துக்கொள்ளலாம் என்று 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமே இடம் தருகிறது. மனம் இல்லாதவர்க்கே சட்டம் குறுக்கே நிற்கிறது.

ஆகவே இந்நகரத்துச் சேகரிப்பாளர் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் சொத்தைப் பறிக்க வரவில்லை. மடிப்பு விழாத அட்டைகளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கதைக்கு உங்களிடம் இரண்டு மூன்று பிரதிகள் இருக்கின்றன அல்லவா? அவற்றில் மட்டமானதை, கறை படிந்ததை, ஏலத்தில் எவரும் கேளாததை எங்களுக்குக் கொடுங்கள். சங்கத்தார்க்கும் ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் விழா எடுக்கிறோம், பட்டிமன்றம் வைக்கிறோம், 'தமிழ் இனி நம் பிள்ளைகளிடம் வாழுமா' என்று தலைப்புக் கொடுத்து இரு பக்கமும் பேசிக் கைதட்டு வாங்குகிறோம். அப்போது பிள்ளைகள் வெளியே கைப்பேசியில் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கைக்கெட்டும் உயரத்தில், கண்ணாடிக் கதவும் பூட்டும் இல்லாத ஒரு தட்டு வையுங்கள். பதிவேடு வேண்டா, பதிவேடு வைத்தால் அதற்கு ஒரு பொறுப்பாளரும், பொறுப்பாளருக்கு ஒரு சாவியும் வந்துவிடும். என் உத்தியோக அனுபவம் அது.

தட்டுக்கு முதல் புத்தகமாக 'சூப்பர் சர்க்கஸை' என் மகள் தர இசைந்திருக்கிறாள். மூன்று முறை படித்து முடித்துவிட்டாள். இடையில் ஒரு பக்கத்தில் தோசை மாவுக் கறை உண்டு. அது இவ்வாண்டு விழுந்தது. அட்டை முன்பே இல்லையாதலின், எடுத்துச் செல்லும் குழந்தைகள் அதைக் கிழித்துவிடுவார்களோ என்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை.